அட்டைப்படம் எடுத்த மாணவி

கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து பத்திரிகை நடத்துவது புதிய சங்கதி அல்ல. கட்டுரை எப்படியாவது கிடைத்துவிடும். கவிதை கேட்காமலே வந்து குவியும். விளம்பரத்துக்குக் கடைத்தெருவில் தெரிந்த முதலாளிகள் இரண்டு பேரைப் பிடித்துவிடலாம். அச்சகத்தில் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கும்போதுதான் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொள்வார்கள். "அட்டைக்கு என்ன படம்?"

1970 டிசம்பரில் அமெரிக்காவில், ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்து இசைப் பத்திரிகை ஒன்றில் இதே கேள்வி எழுந்தது. அதற்கு விடை கொண்டு வந்தவர் 21 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர். இன்னும் பட்டம் வாங்காதவர். கையில் இருந்தது காமிரா. பையில் இருந்தது கொஞ்சம் காசு.

பத்து ஆண்டுகள் கழித்து அவரே, அதே பத்திரிகையின் அட்டைக்காக, அதே மனிதரை மீண்டும் படம் எடுத்தார். படம் எடுத்த சில மணி நேரத்தில் அந்த மனிதர் உயிருடன் இல்லை. அவருக்குக் கொடுத்த வாக்கு மட்டும் மாணவியாய் இருந்து பெரியவளாகிவிட்ட அந்தப் பெண்ணின் தலையில் நின்றது.

அந்தப் பெண்ணின் பெயர் ஆனி லீபோவிட்ஸ். அந்த மனிதர் பீட்டில்ஸ் குழுவின் பாடகர் ஜான் லென்னன். பத்திரிகை 'ரோலிங் ஸ்டோன்'.

சைக்ளோஸ்டைல் பத்திரிகை

இன்று இசைப் பத்திரிகை என்றால் பளபளக்கும் தாளும் வண்ணப் படமும் நினைவுக்கு வரும். ஆரம்பம் அப்படி இல்லை. 1966 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஸ்வார்த்மோர் கல்லூரியில் படித்த பால் வில்லியம்ஸ் என்ற 17 வயதுப் பையன், 'கிராடாடி' என்ற பெயரில் ஓர் இசைப் பத்திரிகை தொடங்கினான். ஆபீஸில் வேலை பார்க்கும் எவருக்கும் அவன் செய்த காரியம் புரியும். ஸ்டென்ஸில் வெட்டி, சைக்ளோஸ்டைல் எடுத்து, பக்கங்களைச் சேர்த்துப் பின் அடித்தான். அச்சான பிரதிகள் சுமார் 500. ராக் இசையைச் சினிமாச் செய்திபோல் எழுதாமல், உட்கார்ந்து யோசித்து எழுதிய முதல் பத்திரிகைகளில் அது ஒன்று என்று இன்றும் சொல்கிறார்கள்.

அடுத்த ஆண்டு 1967 நவம்பரில் 'ரோலிங் ஸ்டோன்' வந்தது. அதன் ஆசிரியர் ஜான் வென்னர், பெர்க்லி பல்கலைக் கழகத்தில் படிப்பைப் பாதியில் விட்டவர். மாணவர் நாளேட்டில் இசை பற்றி எழுதிப் பழகியவர். அவருக்கும் அப்போது வயது 21. உற்றார் உறவினரிடம் வாங்கியும் பிரட்டியும் சேர்த்த மூலதனம் 7,500 டாலர். அச்சகத்துக்கு மேலே காலியாகக் கிடந்த மச்சுதான் ஆபீஸ். தாளும் நாளேடு அச்சாகும் சாதாரணத் தாள். முதல் இதழின் அட்டையில் இருந்தது ஒரு சினிமாப் படத்தில் ராணுவ வீரன் வேஷம் போட்ட ஜான் லென்னன். அதுகூடப் பத்திரிகை எடுத்த படமல்ல. சினிமாக் கம்பெனி விளம்பரத்துக்குக் கொடுத்த ஸ்டில்!

நம் நாட்டிலும் இளைஞர்களின் ஆர்வத்துக்குக் குறைவில்லை. கல்கத்தாவில் ஸ்டேட்ஸ்மன் நிறுவனம் 1967ல் தொடங்கிய 'ஜூனியர் ஸ்டேட்ஸ்மன்' கல்லூரி மாணவர்களுக்காகவே நடந்தது. ஆசிரியர் டெஸ்மண்ட் டாய்க். பத்து ஆண்டுகள் ஓடி 1977ல் அது நின்றது. பிறகு 1993ல் அலகாபாத்தில் அமித் சேகல் 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' என்ற இசைப் பத்திரிகையைத் தொடங்கினார். பம்பாயிலோ டில்லியிலோ அல்ல, திரிவேணி சங்கமத்து ஊரிலே தொடங்கினார் என்பதுதான் விசேஷம். இசைப் பத்திரிகை நடத்தப் பெரிய நகரம் வேண்டியதில்லை, பெரிய பணமும் வேண்டியதில்லை என்பதற்கு இவையெல்லாம் சாட்சி.

மலை ஏறிய காமிரா

ஆனி 1949 அக்டோபர் 2ந் தேதி பிறந்தவர். தகப்பனார் அமெரிக்க விமானப் படை அதிகாரி. மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் குடும்பம் மூட்டை கட்டும். ரயில்வேயிலோ தபால் இலாகாவிலோ வேலை பார்க்கும் தகப்பனாருக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு இந்த வாழ்க்கை நன்றாகப் பழக்கம். தாயார் நடனம் கற்றுக் கொடுப்பவர்.

ஸான்பிரான்ஸிஸ்கோ ஓவியக் கல்லூரியில் ஆனி சேர்ந்தது ஓவியம் படிக்க. வரைதல் ஆசிரியையாக வேலைக்குப் போகலாம் என்பதுதான் எண்ணம். 1968ல், அப்போது குடும்பம் பிலிப்பைன்ஸில் இருந்தது, தாயாருடன் ஜப்பான் போனார். அங்கே ஒரு மினோல்டா காமிரா வாங்கினார். வாங்கிய கையோடு அதைத் தூக்கிக் கொண்டு புஜி மலையும் ஏறினார். ஏற ஏறக் காமிரா கனத்தது. காமிராவைத் தோளில் மாட்டிக் கொள்வது ஒரு பாரத்தைச் சுமப்பது என்று அன்றே தெரிந்து கொண்டதாகப் பின்னாளில் சொன்னார்.

திரும்பி வந்ததும் படிப்பு திசை மாறியது. தூரிகை கீழே போனது. இருட்டறையில் அவர் கழித்த இரவுகள் அதிகமாயின. ஓவியம் வரையத் தனிமை வேண்டும். காமிரா அவரைத் தெருவுக்கு அழைத்துக் கொண்டு போனது. வியட்நாம் யுத்தத்தை எதிர்த்து மாணவர்கள் கிளர்ச்சி செய்த காலம் அது. ஊர்வலங்களில் எடுத்த படங்களைக் கட்டிக் கொண்டு 1970ல் 'ரோலிங் ஸ்டோன்' ஆபீஸ் படி ஏறினார். படங்களைப் பார்த்த ஓவிய ஆசிரியர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சில்லறை வேலைகள் கிடைத்தன.

சலுகைக் கட்டணத்தில் நியூயார்க்

1970 ஏப்ரலில் பீட்டில்ஸ் குழு உடைந்தது. உலகமே கேட்ட கேள்வி, ஏன் உடைந்தது என்பது. ரிஷிகேசத்தில் 1968ல் மகேஷ் யோகியின் ஆசிரமத்தில் நால்வரும் தங்கிய காலத்தைப் பார்த்த நம் ஊர்க்காரர்களுக்கும் அந்தக் கேள்வி இருந்தது. லென்னன் பேசச் சம்மதித்தார். பேட்டி எடுக்க ஆசிரியர் வென்னரே நியூயார்க் புறப்பட்டார்.

பேட்டி பெரிது, அட்டைப்படமும் பெரிது. நியூயார்க்கிலேயே பேர்பெற்ற புகைப்படக்காரர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஸான்பிரான்ஸிஸ்கோவிலிருந்து ஒரு மாணவியை அழைத்துக் கொண்டு போக என்ன அவசியம்? கன்னியாகுமரிக்கும் காஷ்மீருக்கும் உள்ள தூரத்தைவிட அதிக தூரம் அது.

ஆனி வாதாடினார். திறமை பற்றி அவர் பேசவில்லை. செலவு பற்றிப் பேசினார். இளைஞர்களுக்கான சலுகைக் கட்டணத்தில் விமானத்தில் வருகிறேன். ஓட்டல் வேண்டாம், சிநேகிதர்கள் வீட்டில் தங்கிக் கொள்கிறேன். உங்களுக்குக் கட்டுபடியாகும் என்றார். கன்செஷன் டிக்கெட்டில் வந்து, ஊர்க்காரர் அறையில் பாய் விரித்து, முதல் வேலைக்குப் போனவர்களுக்கு இந்த வாதம் புதிதாக இராது. வென்னருக்கும் கணக்குச் சரியாகப் பட்டது. அழைத்துக் கொண்டு போனார்.

பேட்டி நடந்த நாள் 1970 டிசம்பர் 8. இந்தத் தேதியை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்வது நல்லது.

முள்ளைப் பார்த்தபோது

அந்தக் காலத்துப் பிலிம் காமிராவில் படம் எடுப்பது இன்று செல்போனைத் தட்டுவதுபோல் அல்ல. ஒரு சுருளில் 36 படம். எது விழுந்தது, எது விழவில்லை என்று கழுவிப் பார்க்கும் வரை தெரியாது. வெளிச்சம் கூடினால் முகம் வெளுத்துப் போகும். குறைந்தால் இருண்டு போகும். அதனால் எடுப்பதற்கு முன் ஒளியை அளக்க வேண்டும். கண் வைத்துப் பார்க்கும் இடத்தில் சிறு முள் ஒன்று ஏறி இறங்கும். முகத்துக்கு நேராகக் காமிராவைப் பிடித்து, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, துவாரத்தையும் வேகத்தையும் திருகி வைக்க வேண்டும். தையற்காரர் கத்திரிக்கோல் எடுப்பதற்கு முன் அளவு நாடா பிடிப்பதுபோல்தான் இதுவும்.

ஆனி அன்று லென்னன் முகத்துக்கு நேராகக் காமிராவைப் பிடித்து ஒளியை அளந்து கொண்டிருந்தார். உண்மையான படம் இனிமேல்தான். அந்தக் கணத்தில் லென்னன் தலை நிமிர்ந்து பார்த்தார். நடிப்பு இல்லை, சிரிப்பு இல்லை, புகழ்பெற்றவர் என்ற தோரணையும் இல்லை. எதிரில் நிற்கும் பெண்ணை ஒரு மனிதர் பார்ப்பதுபோல் பார்த்தார். ஆனியின் விரல் அழுத்தியது.

ஊர் திரும்பியதும் பிலிம் கழுவி, காண்டாக்ட் ஷீட் போட்டார்கள். ஒரு சுருளில் உள்ள படங்கள் அத்தனையும் தபால்தலை அளவில் ஒரே தாளில் வரிசையாக விழும். அதைப் பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்துத்தான் ஆசிரியர்கள் படம் தேர்ந்தெடுப்பார்கள். ஆனி யோசித்து, நிறுத்தி, திட்டம் போட்டு எடுத்த படங்களும் அதில் இருந்தன. வென்னர் விரல் வைத்தது, வெளிச்சம் அளக்கும்போது எடுத்த அந்த ஒன்றின் மேல்.

1971 ஜனவரி 21ந் தேதியிட்ட இதழின் அட்டையில் அது வந்தது. கறுப்பு வெள்ளை. முகம், கண்ணாடி, நேரான பார்வை, அவ்வளவுதான். எடுத்த மாணவிக்குப் பட்டம் கிடைத்தது அந்த ஆண்டில்தான்!

லென்னன் அந்தச் சந்திப்பில் தம்மிடம் நடந்து கொண்ட விதம் பிறகு எல்லோரையும் படம் எடுக்கத் தமக்கு ஓர் அளவுகோலாக அமைந்தது என்று ஆனி சொல்லியிருக்கிறார். பயந்து போய் நின்ற சின்னப் பெண்ணிடம் பெரிய மனிதர் ஒருவர் சாதாரணமாகப் பேசினார். அதுவே அவருக்குப் பாடம்.

அட்டையின் இலக்கணம்

உள்பக்கத்துப் படத்துக்கும் அட்டைப்படத்துக்கும் வித்தியாசம் உண்டு. உள்பக்கப் படத்தை வாசகர் மடியில் வைத்துப் பார்க்கிறார். அட்டையை நடைபாதைக் கடையில், நடக்கிற வேகத்தில், பத்தடி தூரத்திலிருந்து பார்க்கிறார். அத்தனை தூரத்திலும் அது புரிய வேண்டும்.

மேலே பத்திரிகையின் பெயருக்கு இடம் விட வேண்டும். தலையைப் பெயர் மறைத்தால் படம் வீண். படம் நீளவாக்கில் இருக்க வேண்டும். குழுவில் எட்டுப் பேர் இருந்தால் எட்டு முகமும் சிறுத்துப் போகும். ஆகவே இரண்டு பேர் முன்னால், மற்றவர் பின்னால் என்று நிறுத்த வேண்டி வரும். பின்னால் நிற்பவருக்கு மனத்தாங்கல் வரும். கல்லூரி மலர் தயாரித்த எவரும் இந்தச் சண்டையைப் பார்த்திருப்பார்கள். யாரை அட்டையில் போடுவது, யாரை விடுவது என்பது சின்ன விஷயமல்ல. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அந்தச் சண்டைதான் 'ரோலிங் ஸ்டோன்' ஆபீஸிலும் வந்தது.

இன்னொரு டிசம்பர் 8

ஆனி 1973ல் பத்திரிகையின் தலைமைப் புகைப்படக்காரர் ஆனார். பத்திரிகை ஆபீஸும் 1977ல் நியூயார்க் வந்து சேர்ந்தது. லென்னனோ 1975ல் மகன் ஷான் பிறந்த பிறகு இசையை ஒதுக்கி வைத்துவிட்டு, வீட்டில் குழந்தையைப் பார்த்துக் கொண்டிருந்தார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் 1980 நவம்பரில் மனைவி யோகோ ஓனோவுடன் சேர்ந்து 'டபிள் பேண்டஸி' இசைத்தட்டை வெளியிட்டார். பத்திரிகைக்கு மீண்டும் பேட்டி, மீண்டும் அட்டைப்படம்.

இந்த முறை ஆனி திட்டத்தோடு போனார். அந்த இசைத்தட்டின் உறையில் கணவனும் மனைவியும் முத்தமிடும் படம் இருந்தது. அந்த அன்பையே வேறு விதமாகக் காட்ட வேண்டும் என்று அவர் நினைத்தார். ஆனால் பத்திரிகைக்காரர்கள் விரும்பியது லென்னனை மட்டும். பீட்டில்ஸ் உடைந்ததற்கே யோகோதான் காரணம் என்று பழி சொன்னவர்கள் அப்போது ஏராளம். லென்னன் ஒப்புக் கொள்ளவில்லை. அட்டையில் வந்தால் இருவரும் வர வேண்டும் என்றார்.

1980 டிசம்பர் 8ந் தேதி பிற்பகல், நியூயார்க்கில் டகோட்டா கட்டடத்தில் அவர்கள் வீட்டில் படப்பிடிப்பு நடந்தது. இருவரும் ஆடையின்றி அணைத்துக் கொண்டிருப்பதுபோல் எடுப்பது ஆனியின் எண்ணம். யோகோ தயங்கினார். அப்படியானால் நீங்கள் போட்டிருக்கும் உடை அப்படியே இருக்கட்டும் என்று ஆனி சொன்னார். முன்கூட்டி நினைக்காத அந்த மாற்றம்தான் படத்தை அமைத்தது. கறுப்பு உடையில் யோகோ தரையில் படுத்திருக்க, உடையில்லாத லென்னன் கைகால்களை மடக்கிக் கொண்டு, தாயைக் கட்டிக் கொண்டு தூங்கும் பச்சைக் குழந்தைபோல் மனைவியைப் பற்றிக் கொண்டு கிடந்தார். ஆனி மேலே நின்று குனிந்து எடுத்தார். ஆபாசம் துளியும் இல்லை. பார்த்தவர்கள் கண்டது, பிடியை விட மனமில்லாத ஒருவரை.

ஒளியும் அமைப்பும் சரியா என்று பார்க்க, முதலில் பொலராய்ட் காமிராவில் ஒரு படம் எடுப்பது வழக்கம். அது சில நிமிஷத்தில் தானே கழுவிக் கொண்டு கையில் வந்துவிடும். அதைப் பார்த்ததுமே லென்னன் மகிழ்ந்து போனார். எங்கள் இருவரின் உறவு சரியாக இதுதான் என்ற பொருளில் சொன்னார். இதுதான் அட்டையில் வர வேண்டும் என்று ஆனியிடம் வாக்குக் கேட்டார். ஆனி கொடுத்தார். கைகுலுக்கிக் கொண்டார்கள்.

அன்று இரவு சுமார் 10 மணி 50 நிமிஷத்துக்கு, ஒலிப்பதிவு முடிந்து வீடு திரும்பிய லென்னனை அதே டகோட்டா கட்டடத்து வாசலில் ஒருவன் சுட்டுக் கொன்றான். மாலையில் அதே வாசலில் இசைத்தட்டை நீட்டி அவரிடம் கையெழுத்து வாங்கியவன்தான் அவன். லென்னனுக்கு வயது 40. முதல் பேட்டி நடந்து அன்றோடு சரியாகப் பத்து ஆண்டுகள்.

கேட்க முடியாதவருக்குக் கொடுத்த வாக்கு

பத்திரிகை ஆபீஸில் அஞ்சலி இதழ் தயாராயிற்று. உலகம் அழுது கொண்டிருந்தது லென்னனுக்காக. அட்டையில் அவர் முகம் மட்டும் இருப்பதுதான் பொருத்தம் என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஆனி போய்ப் பார்த்தபோது, லென்னனின் தலை மட்டும் உள்ள ஒரு மாதிரி அட்டை தயாராக இருந்தது.

ஆனி ஆசிரியரிடம் போனார். 1970ல் விமானக் கட்டணத்துக்காக வாதாடியவரிடம்தான் மறுபடியும் வாதாட வேண்டியிருந்தது. இந்த முறை செலவுக் கணக்கு இல்லை. இருவரும் சேர்ந்த படம்தான் அட்டையில் வரும் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றார். வாக்குக் கொடுத்ததற்கு எழுத்து இல்லை, ஒப்பந்தம் இல்லை, கேட்க வேண்டியவரும் இல்லை. வென்னர் ஆனியின் பக்கம் நின்றார்.

1981 ஜனவரி 22ந் தேதியிட்ட இதழ் அந்தப் படத்தோடு வெளிவந்தது. பத்திரிகையின் பெயரைத் தவிர ஒரு தலைப்பு இல்லை. இன்னார் காலமானார் என்றுகூட எழுதவில்லை. பத்திரிகைத் தொழிலில் அட்டையில் எழுத்து இல்லாமல் விடத் துணிச்சல் வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லித்தானே இதழை விற்க வேண்டும்?

2005ஆம் ஆண்டு அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர்கள் சங்கம், அதற்கு முந்திய 40 ஆண்டுகளில் வெளிவந்த அட்டைகளில் தலைசிறந்த நாற்பதைத் தேர்ந்தெடுத்தது. முதல் இடம் இந்த அட்டைக்கு. இரண்டாவது இடம் பெற்ற 1991ஆம் ஆண்டு 'வானிட்டி பேர்' அட்டையும் ஆனி எடுத்ததே.

அவர் படித்த ஓவியக் கல்லூரி நிதி நெருக்கடிக்குப் பிறகு 2022ல் மூடப்பட்டுவிட்டது. இருட்டறையும் காண்டாக்ட் ஷீட்டும் பெரும்பாலும் போய்விட்டன. இன்று கல்லூரிப் பிள்ளைகள் இசைக் குழுவைப் படிக்கட்டில் நிறுத்தி, செல்போனில் ஐந்நூறு படம் எடுத்து, ஐந்நூறில் எது என்று குழம்புகிறார்கள். ஆனியின் முதல் அட்டையோ திட்டத்தில் இல்லாத ஒரு படம். இரண்டாவது, திட்டம் போட்டுப் போய், எதிரில் இருந்தவரின் தயக்கத்துக்கு மதிப்புக் கொடுத்து மாற்றிக் கொண்ட படம். இரண்டு முறையும் அவர் காமிராவுக்கு முன்னால் இருந்தவரைக் கவனித்துக் கொண்டிருந்தார்.

ஊரை விட்டு வந்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோர், "படிக்கிற காலத்தில் பாட்டுப் பத்திரிகை எதற்கு, போட்டோ எதற்கு?" என்று கேட்பதில் தவறில்லை. மகன் அட்டைப்படத்துக்கு ஒரு நாள் காமிரா இரவல் கேட்டு வந்தால், படம் யாருடையது, அவரிடம் என்ன சொல்லி எடுக்கப் போகிறாய் என்றும் ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்கலாம். அட்டை அச்சாகி வந்த பிறகு அந்தப் படத்தில் இருப்பவர் அதைக் கையில் வாங்கிப் பார்ப்பார். லென்னனுக்கு அது கிடைக்கவில்லை. அவர் பார்த்தது பொலராய்ட் தாள் ஒன்றைத்தான்.